முதல் மீன்தொட்டி: 2 அடி, சென்னை போர் தண்ணீர். எங்கிருந்து தொடங்குவது?

#1 மடிப்பாக்கம்வாசி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் முதல்முறையாக மீன்தொட்டி வைக்கலாம் என்று இருக்கிறோம். மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான், ரொம்ப நாளாகக் கேட்கிறான். அடுத்த மாதம் அவன் பிறந்தநாள் வருகிறது.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி பார்த்து வைத்திருக்கிறேன். இன்னும் வாங்கவில்லை. கடையில் ஒரு செட் சொன்னார்கள்: தொட்டி, மூடி, லைட், மோட்டார் ஃபில்டர், கலர் கல், ஆறு கோல்டு ஃபிஷ், ஒரு சக்கர், இரண்டு குட்டி ஷார்க். அன்றைக்கே எடுத்துப்போய் அன்றைக்கே மீனை விடலாமாம்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் போர் தண்ணீர்தான். வாளியில் பிடித்து வைத்தால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்துவிடும். கடைக்காரர் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் ஆர்.ஓ. ஊற்றினால் மீன் செத்துப்போகும் என்கிறார். யார் சொல்வது சரி? அந்த செட்டை வாங்கலாமா? ஹீட்டர் வேண்டுமா? டிவி வைக்கும் ஸ்டாண்டில் தொட்டியை வைக்கலாமா?

#2 கெண்டைக்கண்ணன்

வாங்க சகோதரி. வாங்குவதற்கு முன்னால் கேட்டது ரொம்ப நல்லது. தொட்டியை வாங்குங்கள், அந்த மீன்களை மட்டும் வாங்காதீர்கள்.

கோல்டு ஃபிஷ் கடையில் இரண்டு அங்குலம்தான் இருக்கும். நன்றாக வளர்த்தால் ஆறேழு அங்குலத்துக்கு மேல் போகும், பத்து வருடம் தாண்டியும் வாழும். தின்பதும் அதிகம், கழிவும் அதிகம். போதாததற்கு அது குளிர்ந்த தண்ணீர் மீன், நம் ஊர் மே மாதத்தில் திணறும். ஆறு மீனுக்கு 2 அடித் தொட்டி கிட்டவே வராது.

குட்டி ஷார்க் என்று அவர்கள் சொன்னது அநேகமாகப் பங்காசியஸ். பாசா என்று மீன் கடைகளில் துண்டு போட்டு விற்கிறார்களே, அந்த மீனின் குஞ்சு. தென்கிழக்கு ஆசியாவின் பெரிய ஆறுகளில் கூட்டமாக நீந்துவது, ஒரு மீட்டருக்கு மேல் வளரும். அதை 2 அடிக் கண்ணாடிக்குள் விட்டால் பயந்து பயந்து சுவரில் மோதிக்கொண்டே இருக்கும்.

சக்கர் மீனை எல்லோரும் துப்புரவுக்காக வாங்குகிறார்கள். சின்ன வயதில் கண்ணாடியில் ஒட்டும் பாசியைத் தின்னும், உண்மைதான். ஆனால் ஒன்றரை அடி வரை வளரக்கூடிய மீன் அது, தின்பதைவிடக் கழிப்பது நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். மற்ற மீன்களின் கழிவைத் தின்று தீர்க்கும் மீன் என்று ஒன்று கிடையவே கிடையாது. இதில் எனக்கு உண்மையான கவலை வேறு. தொட்டிக்குப் பெரிதானதும் பாவம் என்று ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு ஏரி குளங்களில் அது பெருகிக் கிடக்கிறது. முள்ளுச் செதில் வலையைக் கிழிக்கிறது, நாட்டு மீனின் இடத்தைப் பிடிக்கிறது. வளர்க்க முடியாத மீனைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், வேறு ஆர்வலரிடம் கொடுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.

அளவுக்கு வருகிறேன். 2 x 1 x 1 அடி என்றால் விளிம்பு வரை 56 லிட்டர். மேலே இடம் விட்டு, அடியில் மணல் போட்டால் 46, 48 லிட்டர் நிற்கும். தொடக்கத்துக்குப் போதும். இதைவிடச் சின்னதாக, அந்த உருண்டைக் கிண்ணம் எல்லாம் வேண்டாம். தண்ணீர் குறைந்தால் எல்லாமே சீக்கிரம் கெடும், சூடும் சீக்கிரம் ஏறும். இடம் இருந்தால் உயரம் 15 அங்குலமாகக் கேளுங்கள், 70 லிட்டர் கிடைக்கும்.

தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 70 கிலோவுக்கு மேல் வரும். டிவி ஸ்டாண்டு பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, ஈரம் பட்டால் உப்பிவிடும். இரும்பு ஸ்டாண்டோ கடப்பா மேடையோ நல்லது. ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் முக்கால் அங்குலத் தெர்மாகோல் ஒன்று போடுங்கள், மேடையில் மேடுபள்ளம் இருந்தாலும் கண்ணாடியில் அழுத்தம் ஒரே இடத்தில் விழாது. ஜன்னல் வெயில் நேராக அடிக்கிற இடம் வேண்டாம், தண்ணீர் பச்சையாகிவிடும்.

ஹீட்டர் சென்னைக்குத் தேவையில்லை. தண்ணீர் விஷயத்தை வாத்தியார் சொன்னால் தெளிவாக இருக்கும். அவர் வரட்டும்.

#3 மயிலை_மாலு

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து மீன் இருக்கிறது. தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைப்போம், மறுநாள் மீனை விடுவோம். சிலது போகும், மற்றது நிற்கும். குழந்தையின் ஆசைக்கு அது ஆகாது இது ஆகாது என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

#4 வேதியியல்_வாத்தியார்

மாலு அம்மா, பயமுறுத்த இல்லை. அந்த "சிலது போகும்" எதனால் போகிறது என்று தெரிந்துகொண்டால் போகாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியா. ஆற்றிலும் குளத்திலும் அது கரைந்து பரவிவிடும், 48 லிட்டரில் எங்கே போகும்? ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் ரொம்பச் சேராத வரை பெரிதாகக் கெடுக்காது, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த பாக்டீரியா புதுத் தொட்டியில் இருக்காது. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் மணலிலும் ஒட்டி, மெதுவாக வளரும். கூட்டம் சேர 4 முதல் 6 வாரம் ஆகும். தண்ணீர் சூடாக இருந்தால் சற்றுச் சீக்கிரம்.

இப்போது சென்னைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அது அவ்வளவு கெடுதல் இல்லை. இன்னொன்று தனி அம்மோனியா, அதுதான் செவுளைப் பொசுக்குவது. எது எவ்வளவு என்பதைப் பி.எச். அளவும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) வெப்பமும் முடிவு செய்கின்றன. 25 டிகிரி, பி.எச். 7 என்றால் மொத்தத்தில் விஷ வடிவம் 0.6 சதவீதம்கூட இல்லை. அதே 25 டிகிரியில் பி.எச். 8 ஆனால் 5 சதவீதத்துக்கு மேல். 30 டிகிரி, பி.எச். 8 என்றால் 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதாவது தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் ஒரே நிறம் காட்டினாலும், குளிர்ந்த ஊரின் மென்னீரைவிட மடிப்பாக்கத்துப் போர் தண்ணீரில் விஷம் பத்து மடங்குக்கு மேல். வெளிநாட்டு வீடியோ பார்த்து "0.5 தானே, பரவாயில்லை" என்று இருந்துவிடக் கூடாது.

மீனில்லாமலே பாக்டீரியாவை வளர்க்கலாம். தொட்டியை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள், அது அழுகி அம்மோனியா தரும். இன்னும் சுத்தமான வழி, ஆய்வக ரசாயனக் கடையில் கிடைக்கும் அம்மோனியம் குளோரைடு. 50 லிட்டருக்கு 0.3 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும், அதுவே போதும். அதற்கு மேல் போட்டால் வேகம் கூடாது.

சில நாள் கழித்து அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட் இறங்கும், நைட்ரேட் தெரியும். மறுபடி அதே அளவு அம்மோனியா போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். காகிதப் பட்டை டெஸ்ட் வேண்டாம், சொட்டு விடும் திரவ கிட் வாங்குங்கள். அலங்காரப் பொருளில் மிச்சம் பிடித்தாவது இதை வாங்குங்கள்.

#5 மடிப்பாக்கம்வாசி

சார், மிக்க நன்றி. இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. அப்படியென்றால் பிறந்தநாளுக்கு மீன் கிடையாதா? பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அப்புறம் ஆர்.ஓ. பற்றி?

#6 கெண்டைக்கண்ணன்

பிறந்தநாளுக்குத் தொட்டியைக் கொடுங்கள். மணலை அவனே கழுவட்டும், செடியை அவனே நடட்டும். தினம் அந்த ஒரு சிட்டிகை தீனியைப் போடும் பொறுப்பை அவனிடம் விடுங்கள். வாரம் இரண்டு முறை டெஸ்ட் செய்து நிறத்தை நோட்டில் கலர் பென்சிலால் தீட்டச் சொல்லுங்கள். அம்மோனியா மஞ்சளிலிருந்து பச்சை, நைட்ரைட் ஊதா, நைட்ரேட் சிவப்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நல்ல வேலை. அவன் வளர்த்த பாக்டீரியாவின் மேல்தான் மீன் வாழப் போகிறது.

யாராவது தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் பழைய தொட்டி இருந்தால், அவர்கள் ஃபில்டரின் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். காத்திருப்பு பாதியாகக் குறையும். அவர்கள் தொட்டியில் நோய் இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவதில் பயனில்லை, பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை.

#7 வேதியியல்_வாத்தியார்

ஆர்.ஓ. கேள்வி. கடைக்காரரும் அண்ணனும் இருவரும் பாதி சரி.

ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்பு கிட்டத்தட்ட இல்லை. மீனுக்கு மட்டுமல்ல, பாக்டீரியாவுக்கும் அது போதாது. அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகும், அதைத் தாங்குவது தண்ணீரில் உள்ள பைகார்பனேட். அது இல்லாவிட்டால் பி.எச். சரிந்து, பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். ஆகவே முழு ஆர்.ஓ. கூடாது. உங்கள் போர் தண்ணீரில் பைகார்பனேட் தாராளமாக இருக்கும், அது ஒரு வரம்தான். டி.டி.எஸ். மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். 800க்குள் என்றால் அப்படியே ஊற்றலாம், அதற்கேற்ற மீனை வைக்கலாம். 1,200, 1,500 என்று போனால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கலந்து கொள்ளுங்கள். டி.டி.எஸ். என்பது கரைந்த எல்லாவற்றின் மொத்தம், கடினத்தன்மை, அதாவது கால்சியம், மக்னீசியம் உப்புகள், அதில் ஒரு பகுதிதான். ஆனாலும் வீட்டு அளவுக்கு அது நல்ல வழிகாட்டி.

எந்த விகிதம் எடுத்தாலும் அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று மாற்றினால் மீனுக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

#8 தெம்பனீஸ்_தமிழன்

சிங்கப்பூரிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே குழாய்த் தண்ணீரில் குளோராமின் போடுகிறார்கள். குளோரின் என்றால் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும், குளோராமின் அப்படிப் போகாது. அதனால் இங்கே எல்லோரும் ஒவ்வொரு முறையும் டீகுளோரினேட்டர் விட்டுத்தான் ஊற்றுவோம். போர் தண்ணீருக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கிறேன், சரிதானா?

#9 கெண்டைக்கண்ணன்

போர் தண்ணீரில் குளோரின் இல்லை, சரி. ஆனால் அபார்ட்மென்ட் சம்ப்பில் இருப்பது போர் தண்ணீர் மட்டும்தானா? கோடையில் லாரித் தண்ணீர் இறக்குவார்கள், மெட்ரோ தண்ணீர் கலப்பார்கள். மேல் தொட்டி கழுவும் அன்று பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். அசோசியேஷன் செயலாளரிடம் தொட்டி கழுவும் தேதியை முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் தண்ணீர் மாற்றாதீர்கள். கடையில் ஆன்ட்டி குளோரின் என்று சின்ன பாட்டில் கிடைக்கும், சோடியம் தயோசல்பேட். ஒன்று வாங்கி வையுங்கள், எப்போதும் கைக்கு எட்டட்டும்.

#10 சிறுவாணி_சாரல்

கோவையிலிருந்து. எங்களுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர், மென்மையானது. அதனால் நியான் டெட்ரா, கார்டினல் டெட்ரா எல்லாம் இங்கே சுலபமாக நிற்கும். அவை அமேசான் பக்கத்து மென்னீர் மீன்கள். அதைப் பார்த்துச் சென்னை நண்பர் ஒருவர் போர் தண்ணீரில் விட்டு, பி.எச். குறைக்கும் மருந்தை மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். மருந்து ஊற்றிய அன்று இறங்கும், பைகார்பனேட் மறுநாளே மேலே இழுத்துவிடும். மீன் அந்த ஏற்ற இறக்கத்திலேயே நொந்துபோகும். உங்கள் குழாயில் எது வருகிறதோ அதற்குப் பொருத்தமான மீனைத் தேடுங்கள். மீனுக்காகத் தண்ணீரை மாற்றும் வேலை முதல் தொட்டிக்கு வேண்டாம்.

செடி பற்றி எனக்குச் சொல்லத் தெரியும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டும் கடினமான தண்ணீரிலும் நிற்கும், குறைந்த வெளிச்சம் போதும். வேர்த்தண்டை மணலுக்குள் புதைக்காதீர்கள், அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள். வாலிஸ்னேரியா நம் போர் தண்ணீரில் பிரமாதமாக வரும், அதை மணலில் நடலாம். லைட் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும், டைமர் போட்டால் மறக்காது. வீட்டில் மணிபிளான்ட் இருந்தால் அதன் வேரை மட்டும் தண்ணீரில் தொங்கவிடுங்கள், இலை வெளியே இருக்கட்டும். நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும்.

கலர் கல்லுக்குப் பதில் சாதாரண ஆற்றுக் கூழாங்கல் நல்லது. கல்லின் மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், கடினத்தைக் கூட்டும். உங்கள் ஊரில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

#11 யாழ்_கிணறு

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். எங்கட மண் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணி சரியான கடினம். நான் கப்பியும் மொலியும்தான் வளர்க்கிறன், ஒரு மருந்தும் விடுவதில்லை, குட்டி போட்டுக்கொண்டே இருக்கின்றன. கடினமான தண்ணி அவைக்குப் பிடிக்கும். அக்கா, நீங்களும் அதையே தொடங்கினால் கரைச்சல் இல்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கோ. இங்கே தோட்டங்களுக்குப் போடும் உரம் இறங்கிக் கிணற்றிலேயே நைட்ரேட் இருக்கு. தண்ணி மாற்றினாலும் நைட்ரேட் குறையாது, ஏனென்றால் புதுத் தண்ணியிலும் அதுதான். டெஸ்ட் கிட் வாங்கினால் முதல் டெஸ்ட்டைத் தொட்டிக்குச் செய்யாதேங்கோ, குழாய்த் தண்ணிக்குச் செய்யுங்கோ. நான் அந்த மணிபிளான்ட் முறையில்தான் சமாளிக்கிறன்.

#12 மடிப்பாக்கம்வாசி

எல்லோருக்கும் நன்றி. தொட்டி வாங்கியாயிற்று, 15 அங்குல உயரம். இரும்பு ஸ்டாண்டு. குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் கிட்டத்தட்ட இல்லை, பி.எச். 8, டி.டி.எஸ். 1,100. பாதி ஆர்.ஓ. கலந்து நிரப்பலாம் என்று இருக்கிறேன். ஃபில்டர் எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டர் மலிவாக இருக்கிறது, உள்ளே வைக்கும் மோட்டார் ஃபில்டர் தண்ணீரைத் தெளிவாக வைக்கும் என்கிறார்கள்.

#13 கெண்டைக்கண்ணன்

நிரப்புவதற்கு முன் பால்கனியில் வைத்துத் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், மூலையில் கசிவு இருந்தால் அங்கேயே தெரியும். நிரப்பிய தொட்டியை எக்காரணம் கொண்டும் தூக்காதீர்கள், ஒட்டு விட்டுவிடும்.

ஃபில்டருக்கு என் ஓட்டு ஸ்பாஞ்ச்தான். அதை ஓட்டும் ஏர் பம்ப் மூன்று நான்கு வாட்தான் இழுக்கும், இன்வெர்ட்டரில் போட்டால் கரண்ட் போனாலும் ஓடும். குமிழி மேலே வந்து தண்ணீரைக் கலக்குவதால் ஆக்சிஜன் சேரும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதனால் நம் ஊருக்கு இது முக்கியம். மோட்டார் ஃபில்டர் தண்ணீரைப் பளிச்சென்று வைக்கும், உண்மை. ஆனால் கரண்ட் இல்லாமல் பல மணி நேரம் நின்றால் உள்ளே பாக்டீரியா மூச்சில்லாமல் சாகும். பட்ஜெட் இடம் கொடுத்தால் இரண்டும் வையுங்கள்.

ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைக்க வேண்டியிருந்தால் டியூபில் செக் வால்வ் போடுங்கள், இல்லையென்றால் கரண்ட் போகும்போது தண்ணீர் டியூப் வழியாக இறங்கிப் பம்ப்புக்குள் போய்விடும். ஒயர்கள் எல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. கையை உள்ளே விடும்போது எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள். பிள்ளை இருக்கும் வீடு, இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஸ்பாஞ்சைக் கழுவும்போது குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தண்ணீர் மாற்றும் அன்று தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே நாலு முறை பிழிந்து திரும்ப வைத்தால் போதும். "சுத்தமாகக் கழுவினேன், மறுவாரம் மீன் எல்லாம் போச்சு" என்று இங்கே எழுதுகிறவர்களில் பாதிப் பேர் விஷயம் இதுதான். முழுத் தண்ணீரையும் கொட்டி, தொட்டியைத் தேய்த்து, புதிதாக நிரப்புவதும் அப்படியே. வாரம் 25 சதவீதம், அதற்கு மேல் அவசியம் வந்தால் மட்டும்.

#14 மயிலை_மாலு

இந்த இழையை முழுக்கப் படித்தேன். ஸ்பாஞ்ச் விஷயம் எனக்குப் புதிது. ஒரு கேள்வி: காத்திருக்க முடியாமல் மீன் ஏற்கெனவே விட்டுவிட்டவர்கள் என்ன செய்வது? என் தங்கை வீட்டில் போன வாரம் நாலு மொல்லி விட்டிருக்கிறாள். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

#15 வேதியியல்_வாத்தியார்

உடனே பாதித் தண்ணீரை மாற்றச் சொல்லுங்கள். அதே வெப்பம், குளோரின் இல்லாத தண்ணீர். தீனியை இரண்டு நாள் நிறுத்தட்டும். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். பிறகு தினம் டெஸ்ட், அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் தினம் தண்ணீர் மாற்றம். மீனோடு சேர்த்தே பாக்டீரியாவை வளர்க்கவும் முடியும், உழைப்பு அதிகம்.

நைட்ரைட் ஏறியிருந்தால் கல் உப்பு உதவும். நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் நுழைந்து ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும், தண்ணீரில் குளோரைடு இருந்தால் அந்த நுழைவைத் தடுக்கும். லிட்டருக்கு அரை கிராம், தனியாகக் கரைத்து ஊற்ற வேண்டும். மொல்லி உப்பை நன்றாகத் தாங்கும். கடையில் நீல மருந்து கொடுத்து ஊற்றச் சொல்வார்கள், அதைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். மெத்திலீன் ப்ளூ பூஞ்சைக்கு நல்ல மருந்து, தனி வாளியில் பயன்படுத்த வேண்டியது. தொட்டியில் ஊற்றினால் நாம் வளர்க்கப் பாடுபடும் பாக்டீரியாவையும் கெடுக்கும், சிலிக்கான் ஒட்டும் நீலமாகிவிடும்.

#16 மயிலை_மாலு

தண்ணீர் மாற்றினாள். இன்று காலை மூன்று மீன் கீழே இறங்கி நீந்துகின்றனவாம், ஒன்று இன்னும் மேலேயே இருக்கிறது. திரவ கிட் வாங்கச் சொல்லிவிட்டேன். நன்றி சார்.

#17 மடிப்பாக்கம்வாசி

பிறந்தநாள் நல்லபடியாக முடிந்தது. செடி, மணல், லைட் எல்லாம் மகன் கையால்தான். நோட்டும் போட்டிருக்கிறான். இப்போது பிரச்சினை: தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாகக் கலங்கிவிட்டது. அத்தை தண்ணீர் கெட்டுப்போச்சு, கொட்டிவிட்டு மாற்று என்கிறார். நைட்ரைட் அடர் ஊதா, இறங்கவே மாட்டேன் என்கிறது.

#18 கெண்டைக்கண்ணன்

கொட்டாதீர்கள். புதுத் தொட்டியில் மிதக்கும் வேறு வகை பாக்டீரியா திடீரெனப் பெருகுவதால் வரும் கலங்கல் அது. தானே தெளியும். தீனியைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

நைட்ரைட் இப்படி நிற்பதும் இயல்பு. இரண்டாம் வகை பாக்டீரியா மெதுவாகத்தான் வரும். கிட் காட்டும் நிறம் உச்சத்திலேயே இருந்தால் பாதித் தண்ணீர் மாற்றலாம், தப்பில்லை. மகனிடம் ஊதா ஒரு நாள் திடீரென்று காணாமல் போகும் என்று சொல்லி வையுங்கள். படிப்படியாக வெளுக்காமல் சட்டென்று போகும்.

#19 மடிப்பாக்கம்வாசி

போய்விட்டது! நேற்று ஊதா, இன்று வெளிர் நீலம். வாத்தியார் சொன்னபடி அம்மோனியம் குளோரைடு 0.3 கிராம் போட்டு மறுநாள் பார்த்தேன், இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் நல்ல சிவப்பு. இப்போது மீன் வாங்கலாமா? எது, எத்தனை? கொளத்தூர் வரை போகலாமா, பக்கத்திலேயே வாங்கலாமா?

#20 கெண்டைக்கண்ணன்

மகனுக்கு என் வாழ்த்து. மீன் வாங்கும் முன் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறையுங்கள்.

கொளத்தூர் ஒருமுறை பார்க்க வேண்டிய இடம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பகுதியிலும் செங்குன்றம் பக்கத்திலும் பலர் சிமெண்ட் தொட்டி கட்டி வண்ணமீன் உற்பத்தி செய்கிறார்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, இந்த மீன் இங்கேயே பிறந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்பது. நம் தண்ணீரில் பிறந்து வளர்ந்த மீன் உங்கள் தொட்டிக்குச் சுலபமாகப் பழகும். நன்றாக நீந்துகிறதா, துடுப்பை ஒடுக்கி வைத்திருக்கிறதா, உடம்பில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதுவும் வாங்காதீர்கள்.

முதலில் ஆறு கப்பி, ஆண் மட்டும். வாலும் நிறமும் ஆணுக்குத்தான். பெண்ணையும் சேர்த்தால் நாலு வாரத்துக்கு ஒருமுறை குட்டி. பெண்ணை மட்டும் வாங்கினாலும் தப்ப முடியாது, கடையிலேயே சினையாகி மாதக்கணக்கில் விந்துவைச் சேமித்து வைத்திருக்கும். இரண்டு மூன்று வாரம் எல்லாம் பூஜ்யமாகவே இருந்தால் ஆறு ஜீப்ரா மீன் சேர்க்கலாம். அது நம் இந்திய மீன், துறுதுறுவென்று இருக்கும், குதிக்கும், மூடி அவசியம். இந்தத் தொட்டிக்கு அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபைட்டரைக் கப்பியோடு விடாதீர்கள், நீண்ட வாலைப் பார்த்தால் கடிக்கும்.

பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளர், சற்று விட்டு இன்னொரு டம்ளர் என்று பைக்குள் சேருங்கள். ஒரு மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அன்று லைட் வேண்டாம், தீனியும் வேண்டாம். மறுநாளிலிருந்து இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும்.

#21 வேதியியல்_வாத்தியார்

ஒரு சேர்க்கை. ஆவியாகிக் குறையும் தண்ணீரை ஈடுகட்ட ஆர்.ஓ. மட்டும் ஊற்றுங்கள், போர் தண்ணீர் வேண்டாம். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கும். போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி நிரப்பினால் கோடை முடிவதற்குள் டி.டி.எஸ். எங்கேயோ போய்விடும். வாராந்திர மாற்றத்துக்கு மட்டும் பாதிக்குப் பாதி கலவை.

மே மாதத்தில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டினால் மூடியைத் தூக்கிவிட்டு மேலே வலை போட்டு, சின்ன மின்விசிறியைத் தண்ணீரின் மேல் வீசும்படி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். ஐஸ் கட்டியைப் போடாதீர்கள்.

#22 மடிப்பாக்கம்வாசி

ஆறு கப்பியும் நலம். மகன் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, நோட்டில் படம் வரைந்திருக்கிறான். தீபாவளிக்குத் திருநெல்வேலி போகிறோம், ஐந்து நாள் ஆகும். பக்கத்து வீட்டு அண்ணன் தீனி போடுகிறேன் என்கிறார். சாவி கொடுக்கலாமா?

#23 யாழ்_கிணறு

அக்கா, வேண்டாம். அன்போடு அள்ளிப் போட்டுவிடுவார்.

#24 கெண்டைக்கண்ணன்

வளர்ந்த கப்பிக்கு ஐந்து நாள் பட்டினி ஒன்றும் செய்யாது, செடியிலும் மணலிலும் எதையாவது கொத்திக்கொள்ளும். விடுமுறைத் தீனி என்று கடையில் விற்கும் வெள்ளைக் கட்டியும் வேண்டாம், கரைந்து தண்ணீரைக் கெடுக்கும். போவதற்கு இரண்டு நாள் முன் தண்ணீர் மாற்றிவிடுங்கள், கிளம்பும் அன்று மாற்றாதீர்கள், ஏதாவது கோளாறு என்றால் பார்க்க ஆள் இருக்காது. லைட் டைமரில் இருக்கட்டும். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வீட்டைப் பூட்டும் பழக்கம் இருந்தால், ஏர் பம்ப்பின் லைனை மட்டும் விட்டுவைக்க வேண்டும். எலக்ட்ரீஷியனை வைத்து அந்த பிரேக்கரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

அண்ணனிடம் சாவி கொடுங்கள், தீனி டப்பாவை மட்டும் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். தினம் ஒரு முறை வந்து குமிழி வருகிறதா, மீன் ஆறும் நீந்துகிறதா என்று பார்த்து ஒரு போட்டோ அனுப்பினால் போதும்.